மூன்றாவது காது

கோமளா கைப்பேசியை மேசைமேல் எறிந்தாள். அது வழுக்கிக்கொண்டு போய், திவாகர் அப்போதுதான் வாய்க்குக் கொண்டுபோன கறிபப்புக்குக் கீழே நின்றது.

"பாருங்கக்கா. என் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாருங்க."

விஜயராணி எடுத்துப் பார்த்தாள். அலோர் காஜாவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கோபத்தோடு வருகிறவர்களை விஜயராணிக்குப் பிடிக்கும். அழுகிறவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள். கோபக்காரர்கள் ஒன்றுவிடாமல் கொட்டிவிடுவார்கள்.

படத்தில் கோமளா ஒரு வீட்டு அடுப்படியில் கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேலே தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஒரே செய்தி. 'ஜாக்கிரதை. இவள் திருடி. வீட்டு வேலைக்கு வைக்காதீர்கள்.'

"இந்தப் படத்த எடுத்ததும் நான் வேலை பாத்த வீட்டு உஷாந்தி அக்காதான். தீபாவளி அன்னிக்கு, சிரி கோமளா, சிரின்னு சொல்லி எடுத்தாங்க. இப்ப அதே படத்த அவங்க தாமான் குடியிருப்பு வாட்சப் குரூப்புல போட்டாங்க. அங்கேர்ந்து இங்க அலோர் காஜாவுல எங்க தோட்டம் வரைக்கும் வந்துருச்சு. கோயில்ல பூக்கட்ட உக்காந்தா, பக்கத்துல இருக்கறவங்க பேக்கத் தூக்கி மடியில வெச்சுக்கறாங்க. ஒரு வீட்டுலயும் வேலை தர மாட்றாங்க."

"என்ன திருடினீங்கன்னு சொல்றாங்க?"

"காது மிஷினு."

திவாகர் கறிபப்பைக் கீழே வைத்தான். முன்பு லாரி ஓட்டியவன், இப்போது விஜயராணியின் உதவியாள். வாய்க்குத் தனியாக ரோட் டாக்ஸ் கட்ட வேண்டிய ஆள் என்று விஜயராணி அவனைப் பற்றிச் சொல்வாள். "யாரு காது மிஷின்?" என்றான்.

கோமளா கொட்டினாள். புக்கிட் பெருவாங்கில் இராஜரட்ணம் என்ற பெரியவர் வீட்டில் அவளுக்கு வேலை. அவர் யாழ்ப்பாண வழி வந்த பழைய விஞ்ஞான ஆசிரியர், மனைவி இல்லை. மகள் உஷாந்தி கூடவே இருக்கிறாள். மகன் கிருபாலன் ஞாயிறுதோறும் கோலாலம்பூரிலிருந்து வந்துபோவான். சமைப்பது, துவைப்பது, அவருக்குப் பேச்சுத்துணை எல்லாம் கோமளாதான். அவருடைய இரண்டு காதுக்கும் இரண்டு மிஷின். காதுக்குள்ளேயே அடங்கிவிடும் சின்னச் சாதனம், வேர்க்கடலை அளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தபோது ஒன்றைக் காணோம். அடுத்த ஞாயிறு இன்னொன்றையும் காணோம். அன்றைக்கே அவளை கேட்டுக்கு வெளியே நிறுத்தி, தெருவே பார்க்கப் பையை உதறிச் சோதித்து அனுப்பிவிட்டார்கள்.

"பெரியவர் ஒண்ணும் சொல்லலயா?"

"அவரு உள்ள தூங்கிட்டு இருந்தாரு. மிஷின் இல்லன்னா பக்கத்துல வெடி வெடிச்சாலும் அவருக்குத் தெரியாது." "காது கேக்காதவரோட காத நான் எடுப்பேனாக்கா?"

"அது அவரு காதுக்குன்னு அச்சு எடுத்துச் செஞ்சதா?"

"ஆமாக்கா. வேற யாரு காதுலயும் ஒக்காராது."

"அப்படின்னா அத யாருக்கு விக்கிறது?" என்றான் திவாகர். "அடுத்தவன் பல்செட்ட வாங்கி மாட்டிக்கிற மாதிரி இருக்கு லா."

விஜயராணி கோமளாவின் கைப்பேசியிலேயே அந்தக் குழுவின் செய்திகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பை லாரி வரும் நாள் தெரியட்டும் என்று கோமளாவையும் அதில் சேர்த்திருந்தார்கள். துரத்தியபோது நீக்க மறந்துவிட்டார்கள். தன்னைத் திருடி என்று ஊரே பேசுவதை அவள் உட்கார்ந்த இடத்தில் வரிவரியாகப் படித்திருக்கிறாள்.

விரல் ஓரிடத்தில் நின்றது. இன்று காலையில் உஷாந்தி போட்ட செய்தி. 'வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. நல்ல பிளம்பர் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.'

"கோமளா, இது எந்த சிங்க்?"

"சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துல கை கழுவுறதுதான். அதோட ஓட்டையில இருந்த சல்லடை துருப்பிடிச்சு ஒடஞ்சு போச்சுக்கா. மாத்துங்கன்னு நான் எத்தனையோ தடவ சொன்னேன்."

"ரெண்டு தடவையும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதானே காணோம்?"

"ஆமாக்கா, ரெண்டு தடவையும்" என்றாள் கோமளா.

விஜயராணி எழுந்தாள். "திவா, டூல் பெட்டி கார்ல இருக்கா?"

"இருக்கு. ஆனா நான் துப்பறியிற வேலை பாக்குறேன்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க."

"இன்னிக்கு மட்டும் பிளம்பர்."

கோமளாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நிழலில் காரை நிறுத்தி, "கூப்பிடுற வரைக்கும் இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு விஜயராணி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்த உஷாந்தி நாற்பதைத் தாண்டியவள். கையில் குழாய் அடைப்பை அரிக்கும் மருந்து பாட்டில்.

"பிளம்பரா? குரூப்பில பாத்தீங்களோ? பொம்பிளை ஆளும் வாறாவா?"

"நான்தான் பிளம்பர், இவங்க பாஸ்" என்றான் திவாகர். "குனியிறது நான், திட்டுறது இவங்க. அந்த மருந்த ஊத்திட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"நல்லவேளை. ஊத்தியிருந்தா என் கை வெந்துபோயிருக்கும். மூடி வைங்க."

சாப்பாட்டுக் கூடத்தில், ஞாயிறு என்பதால் வந்திருந்த கிருபாலன் ஏதோ முதியோர் இல்லத்தின் வண்ண விளம்பரத் தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தான். மூன்றடி தள்ளி, ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் இராஜரட்ணம் நாளிதழை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தும்பைப் பூவாக வெளுத்த சட்டை. முகத்தைப் பத்திரிகை மறைத்தது.

"சிரம்பானில இருக்கிற இடம்தான் சரி" என்று கிருபாலன் தங்கையிடம் சத்தமாகவே சொன்னான். "இவர் இன்னும் எவ்வளவு காலம் இருக்கப் போறார் சொல்லு? வீடு சும்மா கிடந்து பழுதாப் போகும்."

"இஞ்ச வச்சுப் பாக்க எனக்கும் ஏலாது அண்ணா. வேலைக்காரியும் இல்லை. ஒரு சாமானை நாலு தரம் கேப்பார். எனக்கு விசர் வருது, தலை வெடிக்குது."

விஜயராணி வாளியோடு நின்றாள். "ஐயா இங்கதானே இருக்காரு?"

"அவருக்குக் கேக்காது" என்றான் கிருபாலன், மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போல.

விஜயராணிக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது. காது கேளாத மனிதனுக்கு முன்னால் எதையும் பேசலாம், அவன் சாவதற்குக் கூட நாள் குறிக்கலாம். நாற்காலிக்கு இருக்கும் மரியாதைதான் அதில் உட்கார்ந்திருப்பவனுக்கும். கோபம் வந்தால் அவள் குரல் தணியும். அந்தத் தணிந்த குரலில், "திவா, ஆரம்பி" என்றாள்.

திவாகர் சிங்க்குக்கு அடியில் முட்டி போட்டான். கழிவுக் குழாயில் வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி ஒன்று தொங்கியது. "இதுக்குப் பேர் ட்ராப்" என்று ஊருக்கெல்லாம் விளக்கினான். "இதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல வராம அந்தத் தண்ணி காவல் காக்கும். கனமா ஏதாச்சும் உள்ள விழுந்தா, இந்தக் குப்பியோட அடியில போய் உக்காந்துக்கும்."

அவன் வாளியைக் குப்பிக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தான். அந்த நொடியில் நாளிதழ் இறங்கியது.

விஜயராணி அதைப் பார்த்தாள். கதவைத் திறந்தபோது நிமிராத மனிதர், பெற்ற மகன் தன் ஆயுளைக் கணக்குப் போட்டபோது நிமிராத மனிதர், வாளிக்கு நிமிர்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கண்கள் திவாகரின் கையையே பார்த்தன.

திவாகர் குப்பியின் அடிமூடியைத் துணியால் பற்றி இடப்பக்கம் திருகினான். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு சட்டென்று இளகி, கறுப்புத் தண்ணீர் வாளிக்குள் கொட்டியது. நாற்றத்தில் உஷாந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூடிக்குள் சோற்றுப் பருக்கை, கடுகு, கறிவேப்பிலை, முடிக் கற்றை எல்லாம் சேர்ந்து ஒரே களியாக இறுகிப்போயிருந்தது.

"அக்கா, இதுல ஒரு வாரத்துச் சமையல் குறிப்பே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திவாகர் பழைய பல்துலக்கியால் களியைக் கிளறினான். கை நின்றது. விரலிடுக்கில் ஏதோ ஒன்றை எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

காது மிஷின்.

"பாத்தீங்களா!" உஷாந்தி கத்தினாள். "எடுத்து உதுக்குள்ள போட்டிருக்கிறாள்! களவு கூட இல்லை, எரிச்சல்! வேணுமெண்டு செய்திருக்கிறாள்!"

"திருடியிருந்தா மன்னிச்சிருக்கலாம்" என்றான் கிருபாலன். "இது அதவிட மோசம். குரூப்பில இதையும் போடு."

உஷாந்தி கைப்பேசியை எடுத்தேவிட்டாள். கோமளாவைக் காப்பாற்ற வந்த இடத்தில் அவள் கழுத்துக் கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகிவிட்டது. திவாகர் கவலையோடு விஜயராணியைப் பார்த்தான்.

"அனுப்புறதுக்கு முன்னால ஒரு நிமிசம்" என்றாள் விஜயராணி. "எத்தனை மிஷின் தொலைஞ்சுது?"

"ரெண்டு."

"திவா, முழுசா கிளறு."

இரண்டாவதும் வந்தது. உஷாந்தி 'அதுதான் சொன்னேனே' என்ற முகத்தோடு நின்றாள். திவாகரின் பல்துலக்கி நிற்கவில்லை. களிக்கு அடியில், மூடியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. அலசினான். முதல் இரண்டும் தோல் நிறம். இது கரும்பழுப்பு, புத்தம் புதுசு.

"அக்கா" என்றான் மெதுவாக, "மனுசனுக்குக் காது ரெண்டுதானே? இந்த வீட்டுல மூணாவது காது கிடைச்சிருக்கு."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது யாரோடது?" என்றாள் விஜயராணி.

"அப்பாவுக்கு... புதுசா செய்து குடுத்தது" என்றான் கிருபாலன். "அவர் போட மாட்டன் எண்டு பெட்டியில வச்சிருக்கிறார். பெட்டியிலதான் இருக்கவேணும்."

"எப்ப வாங்குனீங்க?"

கிருபாலன் விளம்பரத் தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

"கோமளாவ அனுப்புறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பிறகு" என்றாள் உஷாந்தி.

"சரியா போச்சு" என்றான் திவாகர். "அப்ப அவங்க அலோர் காஜாவுலேர்ந்து சாக்கடைக் குழாய் வழியா நீந்தி வந்து போட்டுட்டுப் போயிருப்பாங்க."

உஷாந்தியின் முகம் கறுத்தது. "உங்களுக்குக் கோமளாவை எப்பிடித் தெரியும்? நீங்க பிளம்பர் இல்லையா?"

"என் பேரு விஜயராணி. துப்பறியிறவ. கோமளா என்கிட்ட வந்தாங்க. அந்தப் பெட்டிய எடுத்துட்டு வாங்க."

அதட்டலே இல்லாத அந்தக் குரலுக்கு உஷாந்தி ஏன் கட்டுப்பட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. போகிறபோதே, "அண்ணா, போன ஞாயிறு நீங்கதான் இஞ்ச கடைசியாக் கை கழுவினீங்க" என்றாள். "எனக்கென்ன தேவை? அவரைப் பாக்க ஏலாதெண்டு புலம்புறது நீ" என்று அவன் சீறினான். பெட்டி வருவதற்குள் இருவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாக்கி முடித்திருந்தார்கள்.

விஜயராணி பெட்டியைத் திறந்தாள். மிஷின் இல்லை. மூன்று குட்டி பேட்டரிகள் இருந்தன, பொட்டு அளவில். அப்படிப்பட்ட பேட்டரியின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பிய்த்தால்தான் பேட்டரி வேலை செய்யும். இந்த மூன்றிலும், பிய்த்த ஸ்டிக்கரைத் யாரோ திரும்பவும் பொறுமையாக ஒட்டி வைத்திருந்தார்கள்.

அவள் திவாகரின் உள்ளங்கையைப் பார்த்தாள். மூன்று மிஷினிலும் பேட்டரிக் கதவு திறந்தே கிடந்தது.

"எரிச்சல்ல எறியிறவங்க பேட்டரியக் கழட்டி, ஸ்டிக்கர ஒட்டி, பெட்டியில அடுக்கி வெச்சுட்டா எறிவாங்க?" என்றாள். "பொருள் வீணாகக் கூடாதுன்னு வாழ்ந்த கை இது. பிள்ளைங்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த கை."

அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார்கள்.

விஜயராணி முதியோர் இல்ல விளம்பரத்தை எடுத்துத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். 'ஐயா, நீங்கள்தானே போட்டீர்கள்?'

பெரியவர் படித்தார். நாளிதழை நான்காக மடித்தார்.

"நான்தான் போட்டனான்" என்றார். தன் குரலே தனக்குக் கேட்காத மனிதரின் சத்தம், கூடம் அதிர்ந்தது. "எத்தினையோ வருஷம் வகுப்பில பிள்ளையளின்ர சத்தம் கேட்டனான். எனக்கு அது பாரமில்லை. என்ர பிள்ளையள் ரெண்டும் எனக்கு முன்னால இருந்து, எனக்குச் சோறு போட்டுக் கொண்டே, நான் எப்ப சாவன் எண்டு கதைச்சதுகள். மிஷின் காதில இருக்கிறது கூட அதுகளுக்குத் தெரியேல்லை. என்ர முகத்தைப் பாத்தால்தானே தெரியும்! எழும்பிக் கை கழுவப் போனன். கழட்டிப் போட்டன். அடுத்த கிழமையும் அதே கதை. மற்றதையும் போட்டன். புதுசு வாங்கித் தந்தாங்கள். ஒருநாள் போட்டுப் பாத்தன். அதே கதைதான். பேட்டரியை ஏன் எறிவான்? அது என்ன பாவம் செய்தது?"

கிருபாலன் தலையைக் குனிந்துகொண்டான். உஷாந்தி அழ ஆரம்பித்தாள். வேறொரு நாளாக இருந்தால் விஜயராணி அத்தோடு எழுந்து போயிருப்பாள். ஆனால் அவளுடைய கோபம் ஆறவில்லை. அது இப்போது இந்தக் கிழவரின் பக்கம் திரும்பியிருந்தது. காரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இவருடைய மௌனத்துக்கு விலை கொடுத்தவள் அவள்தான்.

தாளைப் பிடுங்கி மறுபடி எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது. 'உங்களால் கோமளாவைத் திருடி என்று துரத்தினார்கள். தெருவில் பையை உதறினார்கள். ஊர் முழுக்கப் படம் போட்டார்கள். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள்.'

அவர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார்.

"இல்லையே" என்றார். முதல்முறையாக அவர் குரல் சிறுத்துப் போயிற்று. "அவள் லீவில போயிருக்கிறாள். தாய்க்குச் சுகமில்லை எண்டு... இவள் எழுதிக் காட்டினவள்."

விஜயராணி உஷாந்தியைப் பார்த்தாள். உஷாந்தி சுவரைப் பார்த்தாள்.

கூச்சல் எல்லாம் கேட்டில் நடந்திருக்கிறது. இவர் உள்ளே தூங்கியிருக்கிறார். காது இருந்திருந்தால் கேட்டிருக்கும். காதை அவரே குழாயில் போட்டுவிட்டார். மகள் சொன்ன பொய்யை நம்பி, கோமளா இன்று வருவாள், நாளை வருவாள் என்று இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார்.

என்ன செய்வதென்று தெரியாமல் திவாகர் குப்பியின் மூடியைத் தேய்த்துக் கழுவினான், ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பொருத்தினான், மூடியைத் திருகி இறுக்கினான். குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் தடையில்லாமல் சுழித்துக்கொண்டு இறங்கியது. அடியில் விரல் வைத்துப் பார்த்தான், ஒழுகவில்லை.

"தண்ணி போகுதுக்கா" என்றான், தேவையில்லாமல்.

இராஜரட்ணம் எழுந்து நின்றார். "லீவு எண்டாய்" என்றார் மகளிடம். "ஒருத்தியின்ர பேரைக் கெடுத்துப்போட்டு, எனக்கு லீவு எண்டு எழுதிக் காட்டினாய். நான் செவிடன்தான். நீ படிச்சனியல்லோ?" பிறகு விஜயராணியிடம், "பிள்ளை, அவள் இப்ப எங்க?"

விஜயராணி வாசலைக் காட்டினாள்.

அவர் செருப்புக்கூட மாட்டாமல் நடந்தார். கோமளா சொன்னபேச்சுக் கேட்காமல் காரைவிட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே, பையை உதறிய அதே இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் அவள் முகம் ஒரு கணம் இளகி, உடனே இறுகியது. விஜயராணி இரண்டே வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள்.

கோமளா வெடித்தாள். "நீங்களா அங்கிள்? உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் மாமியார் என்னைப் பாத்துக் கேக்குறாங்க, எடுத்தியான்னு! உங்களுக்குக் கஞ்சி ஊத்துன கை இது!"

கிழவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு திணறினார். "மெதுவாச் சொல்லு பிள்ளை" என்றார். "எனக்குக் கேக்கேல்லை. உன்ர வாயைப் பாத்து விளங்கிக் கொள்ளுறன். திட்டு. மெதுவாத் திட்டு."

கோமளா இவ்வளவு நாள் நெஞ்சில் அடைத்து வைத்ததை எல்லாம் ஒருமுறை விழுங்கி, ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்தாள். உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

"நான். திருடி. இல்ல."

அவருக்கு விளங்கிவிட்டது. தெருவின் பக்கம் திரும்பி நின்றார்.

"கோமளா திருடி இல்லை!" என்று கத்தினார். எவ்வளவு கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை; தெரிந்திருந்தால் இன்னும் கத்தியிருப்பார். "மிஷினை எறிஞ்சது நான்! இராஜரட்ணம்! பொய் சொன்னது என்ர பிள்ளையள்! இவள் திருடி இல்லை!"

நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அதற்கடுத்த வீட்டு ஜன்னலும். வாசல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பேசியை உயர்த்தினாள்.

"படம் புடிக்கிறாங்கக்கா" என்றான் திவாகர்.

"புடிக்கட்டும்" என்றாள் விஜயராணி.

உஷாந்தி கேட்டருகே ஓடி வந்தாள். "கோமளா, உள்ள வா. தெருவில வேண்டாம். நாளைக்கே நீ திரும்ப வேலைக்கு வரலாம்."

"வர மாட்டேன்" என்றாள் கோமளா, அவள் பக்கம் திரும்பாமலே.

எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள். கோமளா கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். பெரியவரின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இன்னொரு. தடவ. சொல்லுங்க."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினார்.